மியூசிக் ஹால் மர்மக் கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விக்டோரியா காலத்து லண்டன் என்றதும் பிரபுக்களின் மாளிகையும், பனிமூட்டத்தில் மறையும் குதிரை வண்டியும், நெருப்பருகே அமர்ந்து யோசிக்கும் கனவான் துப்பறிவாளரும்தான் நம் வாசகர்களில் பலருக்கு நினைவுக்கு வருவார்கள். அதே நகரத்தில் மாலையானதும் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு, பத்து நிமிடப் பாட்டுக்காக ஊரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடிய ஏழைக் கலைஞர்களை மையமாக வைத்து எழுதப்படும் மர்மக் கதைகள் தனி வகை. அந்த வகையை வாசிக்கத் தொடங்குபவர்களும் எழுத ஆசைப்படுபவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்குக் கீழே பதில் சொல்லியிருக்கிறேன்.

மியூசிக் ஹால் என்பது என்ன? நாடகக் கொட்டகையும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. 1843ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் இரண்டையும் பிரித்துவிட்டது. நாடக உரிமம் பெற்ற அரங்கில் முழு நாடகம் போடலாம், ஆனால் பார்வையாளர் அமர்ந்திருக்கும் இடத்தில் மது பரிமாற முடியாது. மதுக்கடையை ஒட்டிய பாட்டுக்கூடத்தில் குடிக்கலாம், புகைக்கலாம், பாட்டுக் கேட்கலாம். நாடகம் மட்டும் கூடாது. இந்தப் பிரிவினையில் முளைத்து வளர்ந்ததுதான் மியூசிக் ஹால். தேம்ஸ் நதியின் தென்கரையில், லாம்பெத் பகுதியில், சார்லஸ் மார்ட்டன் தன் மதுக்கடையை ஒட்டி 1852இல் திறந்த கான்டர்பரி ஹாலிலிருந்துதான் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் தொடங்குவார்கள். மார்ட்டனே 1861இல் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இன்னும் பெரிதாக ஒன்றைத் திறந்தார்.

உள்ளே மேஜை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டும் குடித்துக்கொண்டும் மக்கள் இருப்பார்கள். மேடைக்கு முன்னால் தலைவர் என்று ஒருவர் சிறு சுத்தியலோடு அமர்ந்திருப்பார். அடுத்து வருபவர் பெயரை அறிவிப்பதும், கூச்சல் போடுபவர்களை அடக்குவதும், காசுள்ள வாடிக்கையாளர் வாங்கிக் கொடுக்கும் மதுவை மறுக்காமல் குடிப்பதும் அவர் வேலை. நகைச்சுவைப் பாடகர், மரச்செருப்பு நடனக்காரர், கழைக்கூத்தாடி, உடலை வளைத்துக் காட்டும் சிறுவன், பழக்கிய நாய்கள் என்று ஒருவர் பின் ஒருவராக மேடையேறுவார்கள். ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்கள்தான்.

மர்மக் கதைக்கு இந்தக் களம் ஏன் இவ்வளவு பொருந்துகிறது?

பனிமூட்டம், காஸ் விளக்கு, வண்ண உடை என்று பலர் சொல்வார்கள். அவை அலங்காரம் மட்டுமே. உண்மையான காரணம் அந்தத் தொழில் நடந்த விதம்.

ஓரளவு பெயர் பெற்ற கலைஞர் ஒரே இரவில் மூன்று, நான்கு ஹால்களில் மேடையேறுவார். லாம்பெத்தில் பாடி முடித்ததும், வேஷத்தைக் கலைக்காமலே வண்டியில் ஏறி ஆக்ஸ்ஃபோர்டு தெரு, அங்கிருந்து எட்ஜ்வேர் சாலை, பிறகு இஸ்லிங்டன். கொலை நடந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்று கேட்டால், ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்று பதில் வரும். ஆனால் அந்த ஆயிரம் பேர் பார்த்தது எதை? சிவப்பு மூக்கையும், கட்டம் போட்ட கால்சட்டையையும், பழகிய ஒரு நடையையும்தான். வேஷத்துக்குள் இருந்தது வேறொருவராக இருந்தால்? மேடைக்கும் மேடைக்கும் நடுவிலுள்ள இருபது நிமிடப் பயணத்தில் வண்டி எங்காவது நின்றிருந்தால்? வண்டியோட்டி ஒருவனுக்குத்தான் தெரியும். இவ்வளவு சுத்தமான புதிரை மாளிகைக் கொலைக் கதை ஒருபோதும் தர முடியாது.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒவ்வொரு பாடகரும் தன் பாட்டுகளுக்கான வாத்தியக் குறிப்புத் தாள்களைத் தானே ஹால் ஹாலாகச் சுமந்து செல்வார். அந்தந்த ஹாலின் வாத்தியக் குழுத் தலைவர் அதைப் பார்த்துத்தான் வாசிப்பார். போலி ஆள் கேலரியை, அதாவது மேல்மாடத்து மலிவு இருக்கைக்காரர்களை, ஏமாற்றிவிடலாம். எந்தச் சுருதியில் பாடினான், எங்கே மூச்சு விட்டான் என்று கவனிக்கும் வாத்தியக்காரரை ஏமாற்ற முடியாது. குற்றத்தை அவிழ்க்கும் சாட்சி அவராக இருந்தால் கதை தொழிலுக்குள்ளிருந்தே பிறக்கிறது. இந்த வகையில் நல்ல கதைக்கும் சாதாரணக் கதைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். மியூசிக் ஹாலை எடுத்துவிட்டு மதுக்கடையையோ பள்ளிக்கூடத்தையோ வைத்தாலும் அந்தக் கொலை நடக்கும் என்றால், ஆசிரியர் களத்தைத் திரைச்சீலையாக மட்டும் மாட்டியிருக்கிறார்.

லண்டனுக்கு வெளியே சுற்றியவர்களின் வாழ்க்கை வேறு மாதிரி. வாரத்துக்கு ஓர் ஊர். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் பயணம், நாடகக்காரர்களுக்கு அறை விடும் வீட்டுக்காரம்மாவிடம் தங்கல், திங்கள் இரவு மேடை. ரயில் பாதைகள் சந்திக்கும் க்ரூ நிலையத்தின் நடைமேடையில் ஞாயிறுதோறும் கலைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கதை பேசிக்கொள்வார்கள். தனித்தனி ஊர்களில் நடந்த நான்கு மரணங்களை அந்தந்த ஊர்ப் போலீஸ் தொடர்புபடுத்தாது. யார் எந்த வாரம் எந்த ஊரில் என்று வெளியிட்ட ‘தி எரா’ என்ற தொழில்முறை வாரப் பத்திரிகையின் பழைய இதழ்களை அடுக்கி வைத்துப் படிக்கும் ஒரு சக கலைஞர்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும்.

அந்தக் கலைஞர்கள் உண்மையிலேயே தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்களா?

மிகப் பலர் அப்படித்தான். பெஸ்ஸி பெல்வுட் மேடைக்கு வருமுன் லாம்பெத்தின் நியூ கட் சந்தைப் பகுதியில் முயல் தோல் உரிக்கும் வேலை செய்தவர். கேலரியிலிருந்து கிண்டல் செய்பவனை அதே சந்தை மொழியில் வாயடைக்கச் செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இஸ்லிங்டனில் 1863இல் தன் பெயரிலேயே ஹால் நடத்தத் தொடங்கிய சாம் காலின்ஸ் புகைபோக்கி துடைத்தவர். ஜார்ஜ் லேபோர்ன் இயந்திரப் பட்டறைத் தொழிலாளி. மேரி லாய்டு 1870இல் ஹாக்ஸ்டனில் பிறந்தார். அவருடைய தந்தை செயற்கைப் பூக்கள் செய்தவர், மாலையில் ஈகிள் மதுக்கடையில் பரிமாறியவர். பதினைந்து வயதில் மகள் முதலில் மேடையேறியதும் அந்த ஈகிளில்தான். டேன் லீனோ நான்கு வயதில் உடலை வளைத்துக் காட்டும் சிறுவனாகப் படிங்டனில் தொடங்கினார். அவர் பிறந்த வீடு இருந்த இடத்தைப் பின்னர் செயின்ட் பான்கிராஸ் ரயில் நிலையம் விழுங்கிவிட்டது.

கதையில் வரும் கலைஞர்களுக்குப் பழைய தொழில் ஒன்று இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பது இதனால்தான். முயல் தோல் உரித்த கைக்குக் கத்தி பழக்கம். பட்டறையில் வேலை செய்தவனுக்கு மேடைக்கடியிலுள்ள கதவின் தாழ்ப்பாளைத் தளர்த்தத் தெரியும். பூ செய்தவளுக்கு, பச்சைச் சாயத்தில் ஆர்சனிக் இருப்பது தெரியும். அந்தச் சாயம் பூப்பட்டறைப் பெண்களின் கைகளைப் புண்ணாக்கி, சிலரைக் கொன்றும் இருக்கிறது.

கொலைக்கான நோக்கம் எங்கிருந்து வரும்? காதலும் பொறாமையும் மட்டும்தானா?

காதலை விட்டுவிட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறக்கலாம். அதில்தான் விஷயம் இருக்கிறது.

உச்சியிலிருந்த சிலரின் வருமானம் தலைசுற்ற வைக்கும். 1868இல் கான்டர்பரி ஹால் ஜார்ஜ் லேபோர்னோடு போட்ட ஒப்பந்தம் வாரத்துக்கு 25 பவுண்டு. நல்ல கைத்தொழில் தெரிந்தவர் வாரம் ஏறக்குறைய ஒன்றரை பவுண்டு சம்பாதித்த காலம் அது. தினமும் நான்கு குதிரை பூட்டிய வண்டியில் ஊரார் பார்க்க வலம்வர வேண்டும் என்ற நிபந்தனையும் அந்த ஒப்பந்தத்தில் உண்டு. ஷாம்பெயின் குடிக்கும் சீமானாக மேடையில் வாழ்ந்த அந்த மனிதர், 1884இல் 42 வயதில், கையில் ஒன்றுமில்லாமல் இறந்தார். இந்த ஒரு வாழ்க்கைக்குள்ளேயே மூன்று நாவல்கள் இருக்கின்றன.

உச்சிக்குக் கீழே இருந்தவர்களின் நிலை வேறு. வாட்டர்லூ அருகே யார்க் சாலை முனையில் ஏஜென்ட் அலுவலகங்களுக்கு வெளியே வேலையற்ற கலைஞர்கள் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். அந்த இடத்துக்கே வறுமை முனை என்று பெயர் வந்துவிட்டது. ஒரே ஒரு சூட்டைத் தவிர வேறு உடை இல்லாதவர்களும் அங்கே நிற்கும்போது அழகாக உடுத்தியிருப்பார்கள், வேலையில்லாதவர் என்று தெரிந்தால் வேலை கிடைக்காது என்பதற்காக. ஏஜென்ட் கையிலிருப்பது ஒருவர் சோறு. அவர் கொலையானால் சந்தேகப் பட்டியல் அந்தத் தெருவின் நீளம் இருக்கும்.

பாட்டு இன்னொரு காரணம். பாட்டெழுதுபவர் ஒரு பாட்டை ஒரு கினிக்கு, அதாவது 21 ஷில்லிங்குக்கு, பாடகரிடம் விற்றுவிடுவது சாதாரணம். அந்தப் பாட்டு நாடெங்கும் பரவிப் பாடகரைப் பணக்காரராக்கும். எழுதியவர் அடுத்த பாட்டை விற்க அலைந்துகொண்டிருப்பார். ஹாரி வால் என்றொரு மனிதர் இதற்கு நேரெதிர்த் திசையிலிருந்து வந்தார். பழைய பாட்டுகளின் நிகழ்த்து உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கோ ஒரு சிற்றூர் நிதி திரட்டும் கச்சேரியில் யாராவது அதைப் பாடிவிட்டால்கூட, பாட்டுக்கு 40 ஷில்லிங் அபராதம் கேட்டு மிரட்டினார். அவரால் எழுந்த கோபத்தை அடக்க 1882இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அப்படியொரு ஆள் கதையின் முதல் அத்தியாயத்தில் செத்துக் கிடந்தால் வாசகர் யாரைத்தான் சந்தேகிக்க மாட்டார்?

ஒப்பந்தங்களில் தடை விதி என்று ஒன்று இருந்தது. இந்த ஹாலில் பாடிய பிறகு இத்தனை மைல் தூரத்துக்குள், இத்தனை காலத்துக்கு வேறெங்கும் பாடக் கூடாது என்பது. கேலரியில் அமர்ந்துகொண்டு, காசு கொடுத்தால் கைதட்டல், கொடுக்காவிட்டால் கூச்சல் என்று கலைஞர்களை மிரட்டிய கும்பல்களும் உண்டு. மணமான பாடகியின் சம்பளம் யாருக்குச் சொந்தம் என்பதும் கதையின் ஆண்டைப் பொறுத்து மாறும். 1870ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன் அவள் ஈட்டியது கணவனுடையது. அந்தச் சட்டம் சம்பளத்தை அவளுக்குத் தந்தது. 1882ஆம் ஆண்டுச் சட்டம் சொத்து முழுவதையும் அவள் பெயரில் வைத்துக்கொள்ளவிட்டது. 1869இல் கணவனைக் கொல்லக் காரணமுள்ள பெண்ணுக்கு 1883இல் அதே காரணம் இருக்காது.

மேடை விபத்துபோலத் தோன்றும் கொலை நம்பும்படியாக இருக்குமா?

தாராளமாக. அந்த மேடைகளில் விபத்துக்குக் குறைவே இல்லை. சுண்ணாம்புக் கட்டியை ஆக்சிஜன்–ஹைட்ரஜன் சுடரில் பழுக்கக் காய்ச்சி வெண்ணிற ஒளி எடுத்தார்கள்; அதுதான் லைம்லைட். அதற்கான வாயுவைப் பைகளில் அடைத்து, மேலே பாரம் வைத்து அழுத்துவார்கள். இரண்டு வாயுவும் தவறிக் கலந்தால் வெடிக்கும். மேடை விளிம்பில் மூடாத காஸ் சுடர்கள். அவற்றருகே மெல்லிய மஸ்லின் பாவாடையோடு ஆடும் பெண்கள். உடையில் தீப்பற்றி இறந்த நடனப் பெண்கள் அந்த நூற்றாண்டில் பலர். கழைக்கூத்தாடிகள் வலையில்லாமலும் ஆடினார்கள். 1877இல் ஸாஸெல் என்ற பெயரில் ஒரு பதின்வயதுப் பெண்ணை வெஸ்ட்மின்ஸ்டரின் ராயல் அக்வேரியத்தில் பீரங்கியிலிருந்து விசையால் எறிந்து காட்டினார்கள். இரண்டே ஆண்டுகளில், 14 வயதுக்குட்பட்ட சிறுவர்களை ஆபத்தான வித்தைகளில் ஈடுபடுத்தத் தடைச் சட்டம் வந்தது.

இவை எல்லாவற்றையும்விட அஞ்சத்தக்கது ஒரு சொல்: நெருப்பு. 1884 நவம்பர் 1 அன்று கிளாஸ்கோவின் ஸ்டார் அரங்கில் யாரோ அப்படிக் கத்தியதால் எழுந்த நெரிசலில் 14 பேர் இறந்தார்கள். 1887இல் எக்ஸிட்டர் நகரின் ராயல் அரங்கில் உண்மையாகவே தீப்பிடித்து 186 பேர் மாண்டார்கள். ஆயுதமே தொடாமல், ஒரு குரலால் கொல்ல முடிந்த காலம். அதை மையமாக வைத்து எழுத முன்வருபவர், இறந்தவர்களைப் புதிரின் காய்களாக மட்டும் நடத்திவிடக் கூடாது. அந்த கேலரி டிக்கெட்டுகளை வாங்கியவர்கள் ஏழைத் தொழிலாளர்கள். வெளியேறும் வழி குறுகலாக இருந்ததும் மலிவு இருக்கைக்காரர்களுக்குத்தான்.

துப்பறிபவர் யாராக இருக்கலாம்? போலீஸால் அப்போது என்னவெல்லாம் செய்ய முடிந்தது?

நாம் இன்று இயல்பாக எதிர்பார்க்கும் பலவற்றைச் செய்ய முடியாது. ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு தொடங்கியதே 1901இல், விக்டோரியா இறந்த ஆண்டில். கறை மனித ரத்தமா விலங்கு ரத்தமா என்று உறுதியாகப் பிரித்தறியும் சோதனையும் அதே ஆண்டில்தான் வந்தது. ஆகவே 1880களில் முயல் ரத்தம் என்று ஒருவர் சொன்னால் மறுக்க வழியில்லை. ஆர்சனிக்கை மட்டும் 1836 முதலே சோதனையில் பிடிக்க முடிந்தது. குற்றப் புலனாய்வுத் துறை 1878இல் உருவானது. அதற்கு முந்தைய ஆண்டு துப்பறியும் பிரிவின் மூத்த அதிகாரிகளே மோசடிக்காரர்களிடம் லஞ்சம் வாங்கியதாக நீதிமன்றத்தில் நின்றிருந்தார்கள். ஏழைக் கலைஞர் போலீஸை நம்பாததற்கு ஆசிரியர் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை.

நான் மிகவும் விரும்பும் இரண்டு விவரங்களைப் பெரும்பாலான கதைகள் வீணாக்குகின்றன. முதலாவது, மரண விசாரணை. அது பெரும்பாலும் அருகிலிருந்த மதுக்கடையின் மாடியில் நடக்கும். ஜூரிகள் சடலத்தை நேரில் பார்த்தாக வேண்டும். நேற்றிரவு பாட்டுக் கேட்ட அதே மேஜைகளைச் சுற்றி, அதே அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் ஜூரியாக அமர்ந்து, அதே பாடகியைச் சாட்சியாக விசாரிக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, 1898ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் வரும்வரை கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் தன் விசாரணையில் தானே சத்தியப் பிரமாணம் செய்து சாட்சி சொல்ல முடியாது. வாழ்நாள் முழுவதும் குரலால் பிழைத்த ஒருத்தி, தன் உயிர் தொங்கும் அந்த நாளில், கூண்டில் வாய்மூடி நிற்க வேண்டும். அவளுக்காக வேறொருவர் உண்மையைத் தோண்டி எடுத்தாக வேண்டிய கட்டாயம் அங்கேயே பிறந்துவிடுகிறது.

ஆகவே துப்பறிபவராகச் சக கலைஞரே சிறந்தவர். மேடைக்குப் பின்னால் தடையின்றிப் போகலாம், வேஷம் போடத் தெரியும், குரல் மாற்றத் தெரியும், ஊர் ஊராகச் செல்லக் காரணமும் உண்டு. உடை தைப்பவர், விளக்குக்காரர், தலைவர் நாற்காலியில் அமர்ந்தவர் ஆகியோரும் நன்றாகப் பொருந்துவார்கள். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியோ பிரபுவின் இளைய மகனோ வேடிக்கை பார்க்க வந்த இடத்தில் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டுப் போவதை என்னால் ரசிக்க முடிவதில்லை. தொழிலாளர்களின் கதையில் அவர்களுக்கு அறிவில்லை என்று சொல்வதாகிவிடுகிறது.

கலைஞர்களே கண்டுபிடித்த உண்மையான குற்றம் ஏதாவது உண்டா?

உண்டு. விக்டோரியா இறந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்த பிறகு நடந்தது என்றாலும், மனிதர்கள் அதே உலகத்தவர்கள்.

பெல் எல்மோர் என்ற பெயரில் மேடையேறிய கோரா கிரிப்பன் பெரிய வெற்றி பெறாத பாடகி. ஆனால் கஷ்டப்படும் கலைஞர் குடும்பங்களுக்கு உதவ 1906இல் தொடங்கிய மியூசிக் ஹால் பெண்கள் சங்கத்தின் பொருளாளராக இருந்து, எல்லோருக்கும் வேண்டியவரானார். 1910 ஜனவரி கடைசி நாள் இரவு, ஓய்வுபெற்ற மேடைக் கலைஞர்களான மார்டினெட்டி தம்பதியர் அவர் வீட்டில் விருந்துண்டார்கள். அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை. அமெரிக்காவில் உறவினர் ஒருவருக்கு உடல்நலம் மோசம், அவசரமாகக் கிளம்புகிறேன், பதவி விலகுகிறேன் என்று சங்கத்துக்குக் கடிதம் வந்தது. கையெழுத்து அவருடையதாக இல்லை.

சில வாரங்களில் அவருடைய கணவர் டாக்டர் கிரிப்பன் தன் தட்டச்சுக்காரி எத்தல் லெ நீவைக் கலைஞர்களின் நடன விருந்துக்கு அழைத்துவந்தார். அந்தப் பெண் அணிந்திருந்த பதக்கம் கோராவுடையது. சங்கத்துப் பெண்கள் அதை உடனே அடையாளம் கண்டார்கள். ஒரு நடிகை ஊருக்குப் போகும்போது தன் நகையை யாரிடமும் விட்டுச்செல்ல மாட்டாள் என்பது அவர்களுக்குத் தெரியும். மார்ச் மாதம் கோரா கலிஃபோர்னியாவில் இறந்துவிட்டதாகக் கிரிப்பன் அறிவித்ததும், எந்தக் கப்பல், எந்த ஊர், எங்கே அடக்கம் என்று கேட்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதி விசாரித்தார்கள். பதில்கள் பொருந்தவில்லை. இறுதியில் பாடகி லில் ஹாதார்னும் அவருடைய கணவர் ஜான் நாஷும் ஜூன் இறுதியில் ஸ்காட்லாந்து யார்டுக்கே சென்றார்கள்.

தலைமை இன்ஸ்பெக்டர் வால்ட்டர் டியூ வந்து விசாரித்தபோது முதலில் கிரிப்பனின் விளக்கத்தைப் பெரும்பாலும் நம்பினார். கிரிப்பன் பயந்து ஓடியபிறகுதான் ஜூலை 13 அன்று நிலவறைத் தரைக்கடியில் உடல் பாகங்கள் கிடைத்தன. கடலில் சென்றுகொண்டிருந்த கப்பலிலிருந்து கம்பியில்லாத் தந்தி வழியாகத் தகவல் வந்து, ஜூலை 31 அன்று கனடாவுக்கருகே அவர் பிடிபட்டார். நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். தந்தியைப் பற்றித்தான் உலகம் நூறு ஆண்டுகளாகப் பேசுகிறது. ஐந்து மாதம் விடாமல் கேள்வி கேட்ட பாடகிகளையும் நடனக்காரிகளையும் இன்னும் உரக்கப் பாராட்டியிருக்க வேண்டும்.

கொலைகாரனும் கலைஞனாக இருந்த வழக்கு வேண்டுமானால், 1897 டிசம்பர் 16 அன்று அடெல்ஃபி நாடக அரங்கின் பக்கவாசலில் புகழ்பெற்ற நடிகர் வில்லியம் டெரிஸ் குத்திக் கொல்லப்பட்டதைப் பார்க்கலாம். குத்தியவர் ரிச்சர்ட் பிரின்ஸ், வேலை கிடைக்காமல் பட்டினி கிடந்த துணை நடிகர். நடிகர் உதவி நிதியில் அன்றுதான் அவருக்கு உதவி மறுக்கப்பட்டிருந்தது. மனநிலை பிறழ்ந்தவர் என்று தீர்ப்பாகி பிராட்மூர் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டார்.

ஜாக் தி ரிப்பர் கட்டாயம் வர வேண்டுமா?

வேண்டாம். பிடிபடாத அந்தக் கொலைகாரன் கையில் 1888இல் கிழக்கு லண்டனின் வைட்சேப்பலில் இறந்த பெண்கள் தங்களுக்கென்று வாழ்க்கை வைத்திருந்தவர்கள். அவர்களை இன்னொரு முறை சந்தில் கிடத்திவிட்டுக் கதையைத் தொடங்குவதில் எனக்கு எந்த ஈடுபாடும் இல்லை.

பெண் கதாபாத்திரங்களை எப்படி எழுதியிருந்தால் சரியாக இருக்கும்?

சம்பாதிப்பவர்களாக. குடும்பத்தைத் தாங்குபவர்கள், ஒப்பந்தம் பேசத் தெரிந்தவர்கள், நள்ளிரவில் தனியே வீடு திரும்புபவர்கள். அதனாலேயே ஊர்வாய் அவர்களை இழிவாகப் பேசியது. 1894இல் லெஸ்டர் சதுக்கத்தின் எம்பயர் ஹாலில், பாலியல் தொழிலாளர்கள் நடமாடிய பின்புற நடைபாதையை மூடவேண்டும் என்று ஆர்மிஸ்டன் சான்ட் அம்மையார் இயக்கம் நடத்தி உரிமக் குழுவை இணங்கவும் வைத்தார். தடுப்புகள் எழுப்பப்பட்டதும் இளைஞர் கும்பல் ஒன்று அவற்றைப் பிய்த்தெறிந்தது. அதில் ராணுவக் கல்லூரி மாணவர் வின்ஸ்டன் சர்ச்சிலும் ஒருவர். ஹால் தற்காலிகமாக மூடப்பட்டபோது அங்கே வேலை செய்தவர்களின் பிழைப்பு பெரிய பேச்சாயிற்று. இரண்டு பக்கமும் நியாயம் இருந்த சண்டை. நல்ல நாவலுக்கு இப்படிப்பட்ட சண்டைதான் தேவை.

ஆண் உடையில் பாடிய வெஸ்டா டில்லி போன்றவர்கள் புதிருக்கு அற்புதமாக உதவுவார்கள். ஆனால் ஆண் வேஷம் போட்டுத் தப்பிக்கும் ஒற்றைத் தந்திரத்துக்காக மட்டும் அவர்களைப் பயன்படுத்துவது அந்தக் கலைக்குச் செய்யும் அநியாயம். மேல்சட்டை மடிப்பு முதல் சிகரெட் பிடிக்கும் விரல்வரை ஆண்களைக் கூர்ந்து கவனித்துப் பிழைத்தவள் எத்தனை நல்ல துப்பறிவாளராக இருப்பாள்!

கறுப்புச் சாயம் பூசிப் பாடிய நிகழ்ச்சிகளை ஆசிரியர்கள் மறைக்கலாமா?

கூடாது. கறுப்பின மக்களைக் கேலி செய்யும் மின்ஸ்ட்ரல் நிகழ்ச்சிகள் அந்த மேடைகளில் மிகப் பிரபலமாக இருந்தன. அதை இல்லாததுபோல் எழுதினால் காலம் பொய்யாகிவிடும். வெறும் வண்ணமாக எழுதினால் மனம் கூசும். அதே லண்டனில் உண்மையான கறுப்பினக் கலைஞர்களும் ஆசியக் கலைஞர்களும் பிழைத்தார்கள். அவர்கள் கண்ணால் பார்த்து எழுதுவதே நேர்மையான வழி.

நமக்கு நெருக்கமான ஒருவரும் இருந்தார். மியூசிக் ஹால்கள் எழுவதற்கு முன்பே, 1810களில் லண்டன் வந்து, பந்துகளைச் சுழற்றியும் வாளை விழுங்கியும் புகழ்பெற்ற இந்திய வித்தைக்காரர் ராமோ சாமி. பெயரைக் கேட்டால் ராமசாமி என்றே காதில் விழுகிறது. 1850இல் லண்டனிலேயே வறுமையில் இறந்தார். அடக்கச் செலவுக்கு அவர் மனைவி உதவி கேட்க வேண்டியிருந்தது. அவருடைய பேரனோ பேத்தியோ 1870களில் ஹால்களில் வித்தை காட்டுவதாகக் கற்பனை செய்து தமிழில் ஒருவர் மர்ம நாவல் எழுதினால் முதல் பிரதியை வாங்க நான் தயார்.

கதையை எந்தப் பத்தாண்டில் வைப்பது நல்லது? காலப் பிழைகள் எங்கே வருகின்றன?

மேஜைகளும் தலைவரும் மதுக்கோப்பைகளும் வேண்டுமென்றால் 1860களும் 1870களும். 1878ஆம் ஆண்டின் கட்டடச் சட்டம் பாதுகாப்புச் சான்றிதழைக் கட்டாயமாக்கியபோது செலவைத் தாங்க முடியாமல் லண்டனின் சிறிய ஹால்கள் ஏராளமாக மூடப்பட்டன. அந்த ஆண்டு ஒரு சிறு ஹால் உரிமையாளரின் நெருக்கடியைச் சுற்றிக் கதை எழுதலாம். 1889 முதல் லண்டன் கவுன்ட்டி கவுன்சில் உரிமம் வழங்கியது. அதன் ஆய்வாளர்கள் பார்வையாளர்களோடு அமர்ந்து, பாட்டில் ஆபாசம் உண்டா என்று குறிப்பெடுத்தார்கள். கொலை நடந்த இரவில் கேலரியில் குறிப்பேட்டோடு ஒருவர் இருந்தார் என்பது எழுத்தாளருக்குக் கிடைத்த வரம். 1890களில் வரிசை இருக்கைகளும், தலைவர் இல்லாத மேடையும், பல ஊர்களில் ஹால்களைக் கையில் வைத்திருந்த பெரும் நிறுவனங்களும் வந்துவிட்டன. 1895இல் பெரிய ஹால் ஒன்றில் சுத்தியலோடு தலைவர் அமர்ந்திருந்தால் ஆசிரியர் அவசரப்பட்டிருக்கிறார் என்று பொருள்.

ஆங்கிலத்தில் எதிலிருந்து தொடங்கலாம்?

பீட்டர் லவ்ஸி 1972இல் எழுதிய ‘அப்ரகடாவர்’, சார்ஜென்ட் கிரிப் வரிசையில் மூன்றாவது; மேடை விபத்துகளையே புதிராக்கிய நாவல். பீட்டர் அக்ராய்டு 1994இல் எழுதிய ‘டேன் லீனோ அண்ட் தி லைம்ஹவுஸ் கோலெம்’ கனமானது, உண்மை மனிதர்களையும் கற்பனையையும் பிணைப்பது. இரண்டில் முதலாவதை முதலில் படியுங்கள்.

எழுத விரும்புபவர் எங்கே தேடலாம்? அந்த இடங்கள் இன்னும் இருக்கின்றனவா?

லண்டனின் பழைய குற்றவியல் நீதிமன்றமான ஓல்டு பெய்லியின் 1674 முதல் 1913 வரையான வழக்குப் பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் மியூசிக் ஹால் என்று தேடினால் பரிமாறுபவர்களும் வண்டியோட்டிகளும் பாடகிகளும் தங்கள் வாயால் சொன்ன சாட்சியங்கள் வந்து விழும். எந்த நாவலையும்விட அவர்கள் பேச்சு உயிருள்ளது. ‘தி எரா’ இதழ்களும் பிரிட்டிஷ் செய்தித்தாள் காப்பகத்தில் மின்வடிவில் உள்ளன. செய்திகளைவிட விளம்பரங்களைப் படியுங்கள். வேலை தேடுபவர், பாட்டைத் திருடியவரை எச்சரிப்பவர், பொருள் விற்பவர் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள்.

நேரில் போக முடிந்தால் கிழக்கு லண்டனில் கேபிள் தெருவை ஒட்டிய கிரேசஸ் சந்தில் வில்ட்டன்ஸ் ஹாலைப் பாருங்கள். 1859இல் சாதாரண வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தது போலக் கட்டியது. 1888இல் மெதடிஸ்ட் சபையின் கையில் போய், 1889 துறைமுக வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்களுக்கு உணவளித்து, 1960களில் இடிபடாமல் தப்பி, இன்று மீண்டும் நிகழ்ச்சிகள் நடத்துகிறது. முறுக்கிய தூண்கள் தாங்கும் மாடம் அப்படியே இருக்கிறது. ஹாக்ஸ்டன் ஹாலும், லீட்ஸ் நகரின் சிட்டி வெரைட்டீஸும், கிளாஸ்கோவின் பிரிட்டானியாவும் எஞ்சியவை. நேரமிருந்தால் வில்ட்டன்ஸில் மேல்மாடத்து டிக்கெட் எடுத்து, மேடை அங்கிருந்து எவ்வளவு தெரிகிறது, முகம் அடையாளம் தெரிகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆள்மாறாட்டப் புதிர் எழுதுபவருக்கு அந்தத் தூரம் தெரிந்திருக்க வேண்டும்.